முதலில் கேள்வி, பிறகு கேளுங்கள்



சென்ற தவணையில் படிவம் 4 வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "உங்களில் எத்தனை பேர் வலையொலி கேட்கிறீர்கள்?" ஒருவரும் கை உயர்த்தவில்லை. "பாட்காஸ்ட்" என்று மாற்றிச் சொன்னதும் பாதி வகுப்பின் கை மேலே போனது. "ஓர் அங்கத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை முழுதாகக் கேட்டவர்கள் மட்டும்" என்றேன். இரண்டே கைகள் மிஞ்சின.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், பாட்காஸ்ட்னா ரெண்டு பேரு மைக் முன்னால உட்கார்ந்து பேசிக்கிட்டே இருப்பாங்களே, அதானே?"

அவனைக் குறை சொல்ல முடியாது. டிக்டாக்கில் அவன் பார்ப்பது அதைத்தான். ஒருவர் கண்களை விரித்து ஏதோ சொல்கிறார், மற்றவர் வாயைப் பிளக்கிறார், 30 வினாடியில் முடிந்துவிடுகிறது. அது வலையொலியிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. கறிவேப்பிலையை மட்டும் மென்று பார்த்துவிட்டு சாம்பார் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியுமா?

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஓர் அறிவியல் வலையொலி அங்கத்தையாவது முழுதாகக் கேட்க வேண்டும். அதே சமயம், அதைப் படிப்புக்கு மாற்றாக நினைக்கவே கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். அப்படியில்லை என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

வானொலியின் தம்பி

2004ஆம் ஆண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தின் 'தி கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்ற செய்தியாளர் ஒரு கட்டுரை எழுதினார். இணையத்தில் பரவிவந்த புதுவகை ஒலி நிகழ்ச்சிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்து, அவர் முன்வைத்த பெயர்களில் ஒன்று 'பாட்காஸ்டிங்'. ஐபாட் கருவியின் பின்பாதியையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லின் பின்பாதியையும் ஒட்டிய சொல். அடுத்த ஆண்டே ஓர் அமெரிக்க அகராதி அதை 2005ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஐபாட் கருவி காணாமல் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் வலையொலி என்கிறோம். எனக்குத் தமிழ்ப் பெயர்தான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

வானொலியில் நிகழ்ச்சி வரும் நேரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். வலையொலி உங்களுக்காகக் காத்திருக்கும். இது எப்படி நடக்கிறது? நிகழ்ச்சி தயாரிப்பவர் ஒலிக்கோப்பை ஒரு கணினிச் சேவையகத்தில் வைக்கிறார். அதோடு ஒரு சிறிய எழுத்துக் கோப்பையும் வைக்கிறார். எந்த அங்கம், என்ன தலைப்பு, எந்தத் தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி எது என்ற பட்டியல் அதில் இருக்கும். உங்கள் கைப்பேசியில் உள்ள செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தால், 'புதிய அங்கம் வந்திருக்கிறது' என்று உங்களுக்குக் காட்டும். 'சந்தா' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் பணம் தேவையில்லை. அந்தப் பட்டியலைப் பின்தொடர்வதற்குத்தான் அந்தப் பெயர்.

"டேட்டா தீர்ந்துடும் டீச்சர்" என்பது அடுத்த கவலை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எம்பி3 ஒலிக்கோப்பு வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால், 8ஆல் வகுக்க வினாடிக்கு 16 கிலோபைட். 60ஆல் பெருக்க 960 கிலோபைட். அதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 மெகாபைட். 20 நிமிட அங்கத்திற்கு 20 மெகாபைட் போதும். இசைத்தட்டின் தரத்தில் அதே ஒலியைச் சேமித்தால் ஒரு நிமிடத்திற்கே 10 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். லாரி கடந்து போகும்போது பக்கத்தில் நிற்கும் நண்பரின் முணுமுணுப்பு நமக்குக் கேட்பதில்லை. இப்படி நம் காது எப்படியும் தவறவிடும் ஒலிகளை விட்டுவிடுவதால்தான் எம்பி3 இவ்வளவு சிறியதாக இருக்கிறது. வீட்டில் வைஃபை இருக்கும்போது பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வெளியே ஒரு சென்னும் செலவில்லை.

பாடநூல் தராத ஒன்று

1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி அப்போலோ 11 நிலவில் இறங்கியது. புத்தகத்தில் இது ஒரு வரி. தேர்வுக்கு ஒரு மதிப்பெண்.

அதையே பிபிசி உலகச் சேவை 2019இல் '13 மினிட்ஸ் டு த மூன்' என்ற பெயரில் ஒரு வலையொலித் தொடராக வெளியிட்டது. கெவின் ஃபோங் என்ற மருத்துவர் தொகுத்து வழங்கினார். கலம் நிலவின் தரையை நோக்கி இறங்கிய கடைசி 13 நிமிடங்களில் என்ன நடந்தது என்பதுதான் கதை. ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் உண்மையான ஒலிப்பதிவுகளை அதில் கேட்கலாம்.

இறங்கும் வழியில் கணினி திடீரென '1202' என்று எச்சரிக்கை கொடுக்கிறது. விண்வெளி வீரர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. நீல் ஆம்ஸ்ட்ராங்கின் குரலில் அவசரம் தெரிகிறது. இறங்குவதா, திரும்புவதா? பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ். அவருக்கு வயது 26. பின்னறையில் அவருக்கு உதவியவர் ஜாக் கார்மன். அவருக்கு வயது 24. பயணத்திற்குச் சற்று முன்பு நடந்த ஒரு பயிற்சியில் இதே போன்ற எச்சரிக்கை வந்தபோது பேல்ஸ் தவறாகப் பயணத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். அதன் பிறகுதான் எல்லா எச்சரிக்கை எண்களையும் அவற்றுக்கான பதில்களையும் கார்மன் கைப்பட எழுதிப் பட்டியலாக வைத்திருந்தார். நிஜத்தில் எச்சரிக்கை வந்த சில வினாடிகளில் அந்தப் பட்டியல் கைகொடுத்தது. 'தொடரலாம்' என்ற பதில் போனது.

மாணவர்களே, 24 வயது என்பது உங்கள் அண்ணன், அக்காவின் வயது. பயிற்சியில் செய்த தவறு, கைப்பட எழுதிய ஒரு தாள், குரலில் ஒரு நடுக்கம். இவை இல்லாமல் நிலவுப் பயணம் இல்லை. பாடநூல் அறிவியலின் முடிவுகளைச் சொல்கிறது. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் மனிதர்கள் எப்படித் தடுமாறினார்கள் என்பதைச் சொல்ல அதில் இடமில்லை. நல்ல வலையொலியில் அந்தத் தடுமாற்றம் காதில் விழுகிறது. நான் உங்களைக் கேட்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஆனால் ஏமாறாதீர்கள்

இப்போது மறுபக்கம். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே பாடத்தைச் சில கல்லூரி மாணவர்கள் கட்டுரையாகப் படித்தார்கள், மற்றவர்கள் 22 நிமிட வலையொலியாகக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் சோதனை வைத்தார்கள். படித்தவர்கள் சராசரியாக 81 விழுக்காடு எடுத்தார்கள். கேட்டவர்கள் 59 விழுக்காடுதான்.

காரணத்தை யோசிப்பது கடினமில்லை. படிக்கும்போது புரியாத வரியில் கண் தானாகவே நின்றுவிடும், திரும்பிப் போகும். ஒலி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மனம் எங்கோ போய்த் திரும்பும்போது மூன்று நிமிடம் கடந்திருக்கும். 'கேட்டேன், புரிந்தது' என்ற திருப்தி மட்டும் இருக்கும்.

ஆகவே எஸ்.பி.எம். நெருங்கும்போது வேதியியல் வலையொலியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு, 'படிக்கிறேன் அம்மா' என்று சொல்லாதீர்கள். அம்மா நம்பினாலும் தேர்வுத்தாள் நம்பாது.

எங்கே தொடங்குவது?

தொடக்கத்தில் பலரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். செயலியைத் திறந்து, 'அறிவியல்' என்று தேடி, பட்டியலில் முதலில் நிற்கும் நிகழ்ச்சியை அழுத்துகிறார்கள். இரண்டு மணி நேர உரையாடல் ஓடத் தொடங்கும். பத்து நிமிடத்தில் சலித்துவிடும். 'எனக்கு இது ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நிகழ்ச்சியைத் தேடாதீர்கள். உங்களிடம் உள்ள ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். மழை பெய்ததும் மண் ஏன் மணக்கிறது? கொசு ஏன் என்னை மட்டும் கடிக்கிறது? டுரியான் ஏன் அப்படி மணக்கிறது? (2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுப்பையே படித்து, அந்த மணத்துக்கான காரணத்தைத் தேடினார்கள் என்பது தெரியுமா?) அந்தக் கேள்வியின் முக்கியச் சொற்களைத் தேடல் கட்டத்தில் எழுதுங்கள். நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு, தனித்தனி அங்கங்களின் பட்டியலைப் பாருங்கள். 30 நிமிடத்திற்கு உட்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் பெயர்கள் சில உண்டு. பிபிசி உலகச் சேவையின் 'கிரவுட்சயன்ஸ்', உலகெங்கிலுமிருந்து நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு விடை தேடுகிறது. அமெரிக்கப் பொது வானொலியின் 'ஷார்ட் வேவ்' பெரும்பாலும் கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். பசியாறுவதற்குள் கேட்டுவிடலாம். 'சயன்ஸ் வெர்சஸ்' பிரபலமான நம்பிக்கைகளை எடுத்து, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சோதிக்கிறது. சிறுவர்களும் கேட்கும்படி சுருக்கிய 'ஸ்மாலஜீஸ்' சிரிக்கவும் வைக்கும். ஆப்பிள், ஸ்போட்டிஃபை, ஆண்டெனாபாட் என எந்தச் செயலியில் கேட்டாலும் சரி.

ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று அங்கங்கள் வரை வாய்ப்புக் கொடுங்கள். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். இது பாடத்திட்டம் அல்ல. பாதியில் விட்டால் யாரும் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பமாட்டார்கள்.

"எனக்கு அந்த ஆங்கிலம் புரியாது டீச்சர்"

இதை என்னிடம் சொல்பவர்களில் பலர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். நானும் அப்படி வந்தவள்தான். ஆசிரியர் பயிற்சியின்போது முதன்முதலாக ஓர் ஆங்கில அறிவியல் நிகழ்ச்சியைக் கேட்டேன். ஐந்து நிமிடப் பகுதியை மூன்று முறை ஓட்டியும் பாதிதான் பிடிபட்டது. அன்று எனக்குள் எழுந்த எண்ணம், 'இது நமக்கானது இல்லை' என்பது. அந்த எண்ணம்தான் தவறு. மொழி தெரியாதது தவறே இல்லை.

சில வழிகள் உண்டு. செயலியில் வேகத்தை 0.8ஆகக் குறையுங்கள். குரல் கட்டையாகாமல் பேச்சு மட்டும் மெதுவாகும். பல நிகழ்ச்சிகள் எழுத்து வடிவத்தையும் தருகின்றன. முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள், மீண்டும் கேளுங்கள். மூன்று புதிய சொற்களைக் குறிப்பேட்டில் மூன்று மொழிகளிலும் எழுதுங்கள்: உராய்வு, கெசெரான், ஃபிரிக்‌ஷன். ஒரே பொருளை மூன்று பெயரில் அறிந்தவருக்கு அந்தப் பொருள் எளிதில் மறக்காது.

நம் நாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம் கேட்க விரும்பினால், பிஎஃப்எம் 89.9 வானொலியின் நிகழ்ச்சிகள் வலையொலியாகவும் கிடைக்கின்றன. தமிழில் கேட்டுப் பழக ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் இருக்கிறது. ஆனால் அறிவியலுக்கென்றே தொடர்ந்து வரும் தமிழ் வலையொலிகள், ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. உங்களுக்கும் இருந்தால் நல்லது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய வயதில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

நான் பட்ட பாடம்

இனிமையாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. இதை நான் என் வகுப்பிலேயே கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், 'கண்ணாடி உண்மையில் மிக மெதுவாக ஓடும் திரவம். அதனால்தான் ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சன்னல் கண்ணாடிகள் அடிப்பக்கம் தடித்திருக்கின்றன' என்று ஒரு வலையொலியில் கேட்டேன். அழகான செய்தி. மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். ஒரு மாணவி கை உயர்த்தினாள்: "அப்படின்னா, அதைவிடப் பழசான ரோமானியர் காலத்துக் கண்ணாடிக் குவளையெல்லாம் ஏன் டீச்சர் இன்னும் வடிஞ்சு போகல?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன். எட்கார் சனோட்டோ என்ற பிரேசில் அறிவியலாளர் 1998லேயே கணக்கிட்டிருக்கிறார். அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியுமளவு ஓட வேண்டுமென்றால், பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல மடங்கு காலம் ஆகும். அந்தக் காலத்தில் உருகிய கண்ணாடியைச் சுழற்றித் தட்டாக்கி வெட்டுவார்கள். அதனால் தடிமன் சீராக இருக்காது. தடித்த பக்கம் கீழே வரும்படி பொருத்தியிருந்தால் அடிப்பக்கம் தடித்துத்தானே இருக்கும்? அடுத்த வகுப்பில் முதல் வேலையாக என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். பேசுகிறவர் அந்தத் துறையில் வேலை செய்கிறவரா? எந்த ஆய்வு, யார் செய்தது என்று சொல்கிறாரா? 'இது இன்னும் உறுதியாகவில்லை' என்று எங்காவது ஒப்புக்கொள்கிறாரா? கடைசியாக, எதையாவது விற்கிறாரா? நான்காவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். வலையொலியில் விளம்பரத்தையும் அதே குரல்தான் சொல்லும். நம்பிக்கையான குரலில் சத்து மாத்திரை விற்பது மிகவும் எளிது.

காது ஒன்றுதான்

செவியின் நத்தையெலும்புக்குள் சுமார் 15,000 நுண்ணிய முடிச்செல்கள் இருக்கின்றன. அவைதான் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. அழிந்தால் மனிதர்களுக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இது: 80 டெசிபல் என்றால் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. அதனால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஒலி அளவை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

கை வேலை செய்யட்டும்

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாது. அப்படியானால் எப்போது கேட்பது? சட்டை தேய்க்கும்போது, பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது கேளுங்கள். கை வேலை செய்யும், மனம் சும்மா இருக்கும். கணக்குப் பாடம் செய்துகொண்டே கேட்காதீர்கள். இரண்டும் கெடும்.

கேட்டு முடித்ததும் கைப்பேசியைக் கீழே வையுங்கள். குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள். புதிதாக என்ன அறிந்தேன்? எது என்னை வியக்க வைத்தது? எது இன்னும் புரியவில்லை? நினைவிலிருந்தே எழுத வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். முன்பு சொன்ன 59 விழுக்காட்டை உயர்த்த எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்.

கடைசி வரிசை மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் அம்மா இரவுச் சந்தையில் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் முடிந்ததும் சட்டி பானை கழுவுவது அவன் வேலை. இயற்பியலை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கலாமா என்று அந்தத் தவணையில் யோசித்துக்கொண்டிருந்தான். சட்டி கழுவும்போது கேட்கச் சொல்லி நிலவுத் தொடரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், 1202 வந்தப்ப அந்தக் கம்ப்யூட்டர் ஏன் அப்படியே நின்னு போகல?"

எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினோம். வேலைப்பளு கூடியபோது அந்தக் கணினி, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விடாமல் செய்யும்படி எழுதப்பட்டிருந்தது. அதன் தற்காலிக நினைவகம் சுமார் 4 கிலோபைட்தான். அவனே கணக்குப் போட்டுச் சொன்னான்: "அப்ப நான் கேட்ட பாட்காஸ்ட்ல கால் வினாடிக்கே அது நிரம்பிடும் டீச்சர்!"

அவன் இயற்பியலை விடவில்லை. மதிப்பெண் இன்னும் பெரிதாக உயரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இப்போது வகுப்பில் கேள்வி கேட்கிறான்.

இந்த வாரம் நீங்களும் ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்கேற்ற ஓர் அங்கத்தைக் கண்டுபிடித்து முழுதாகக் கேளுங்கள். மூன்று வரி எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் தயங்க வேண்டாம். சேர்ந்து தேடுங்கள்.